வெடித்த கையும் வெட்டிய பக்கமும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் மேலான பார்வைக்கு,

தங்கள் வார இதழைப் பத்தொன்பது வருடங்களாக முதலில் படித்தும் பிறகு வெட்டியும் வருகிற தையல்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் மனைவி நலம், தையல் மெஷின் நலம், என் இரண்டு கைகளும் மிக மிக நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், படம் வரைபவர், பிழை திருத்துபவர், தபால் பிரிப்பவர் வரை அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, 'வீட்டுக்கு வீடு குறிப்பு' பகுதியை எழுதுகிற அம்மையார் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு சின்னக் கீறல்கூட விழக் கூடாது.

வெட்டி வருகிறேன் என்று எழுதியதற்குத் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேப்பர் கட்டிங் என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் காகிதத்தில் வெட்டிப் பார்த்துக்கொள்வோம். காகிதம் போனால் காகிதத்தோடு போகும், துணி போனால் மானமே போகும். தங்கள் இதழின் காகிதம் அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். சட்டென்று கிழியாது, சாக்பீஸ் கோடு நன்றாக விழும். என் கடைச் சுவரில் ஆணியில் தொங்கும் கட்டிங்குகளில் தங்கள் தலையங்கங்கள் பாதிப் பாதியாக இருக்கின்றன. ஒரு வக்கீலின் முதுகு முழுக்கத் தங்கள் தொடர்கதைதான்.

ஒன்றரை மாதம் முன்பு, 'உங்கள் குறிப்பைப் படித்து என் கை மெழுகுவர்த்தி ஆகிவிட்டது, இதற்கு யார் பொறுப்பு?' என்று தங்களுக்கு ஒரு கோபக் கார்டு வந்ததல்லவா? அதைப் போட்ட மகானுபாவன் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கவும், அதற்குப் பிறகும் தாங்கள் எனக்குச் செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்லவும்தான் இந்தக் கடிதம். சுருக்கமாக எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் மனைவி பரணிலிருந்து பழைய பெட்டியை எடுக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கம் இவள் ஒரு பக்கம் என்று விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டு, மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கை தண்ணீரில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கவலப்படாத, நான் எதுக்கு இருக்கேன்?" என்று வாயை விட்டேன். வினை அந்த ஒரு வார்த்தையில் வந்தது ஐயா. பாத்திரம், துணி, தரை எல்லாம் என் கைக்கு வந்தன. நான் எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிறவன். கொதிக்கிற தண்ணீர், சலவை சோடா, கம்பி நார் மூன்றையும் வைத்துக்கொண்டு இறங்கினேன். நான் தேய்த்த தட்டைப் பார்த்து மீசை ஒதுக்கலாம். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "போதுங்க, அது தட்டு, கண்ணாடி இல்ல" என்பாள். நான் கேட்டால்தானே! பாத்திரத்துக்குப் பளபளப்பு ஏற ஏற என் கைக்கு இறங்கிக்கொண்டே வந்தது. ஒரே மாதத்தில் உள்ளங்கை வற்றிய குளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்து, விரல் நுனியெல்லாம் பிளந்து, கட்டைவிரல் ஓரத்தில் ரத்தமே எட்டிப் பார்த்தது. விரலை வைத்தால் திறக்கிற செல்போன் எனக்கு. அது ஒரு நாள் 'மறுபடி முயலவும்' என்றது, மறுநாளும் அதையே சொன்னது. நாலு வருஷமாக என் சட்டைப் பையில் குடியிருக்கிற சாமான், என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிட்டது!

இதெல்லாம் பரவாயில்லை, கை என்று இருந்தால் வெடிக்கும், தேய்ந்தால் தேயட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எங்களுக்கு ஒரே மகள். நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்; வயது இருபத்தேழு. வேலை பார்ப்பது வெளியூரில். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளையும் அவளுமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, சந்தன நிறத்தில் சாட்டின் துணி எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்து, "அப்பா, கல்யாண கவுன் நீங்கதான் தைக்கணும். வேற யார் தைச்சாலும் நான் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பத்தைந்து வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் தைத்த கை இது. வாசல் வரைக்கும் போய் அவளை வழியனுப்பிவிட்டு வந்து துணியை ஆசையாகத் தடவினேன். சர்ரென்று ஒரு சத்தம். என் விரல் வெடிப்பில் இழை மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஓரத்தில்தான், பாதகமில்லை. ஆனால் சாட்டினைத் தொட முடியாத தையல்காரன் கல்யாண கவுன் தைப்பது எப்படி? கழுத்துக்கும் கைக்கும் விளிம்புக்கும் கைத்தையல்தான், மெஷின் ஆகாது. முழங்கால் வரை அடுக்கடுக்காக மடிப்பு. ஒவ்வொரு அங்குலத்தையும் விரலால் நீவி நீவித்தான் போட வேண்டும். அன்றைக்குக் கல்யாணத்துக்குச் சரியாகப் பத்து வாரம் இருந்தது.

கை வெடித்திருக்கிறது என்று நான் ஒருவரிடம்தான் சொன்னேன். மறுநாள் தெருவே வைத்தியராகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், "சர்க்கரையும் எண்ணெயும் சம பங்கு. தேய், ஊற வை, கழுவு. அவ்ளோதான்" என்றார். தேய்த்தேன், ஊற வைத்தேன். அந்த நேரம் பார்த்து பேங்க் மேனேஜர் ட்ரையல் பார்க்க வந்துவிட்டார். கையைத் துடைத்துவிட்டு அவர் பேன்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கிண்ணத்தில் மீதி இருந்த சர்க்கரைக்கு எறும்புகள் வரிசை பிடித்து வந்ததையும், வருகிற வழியில் அந்தப் பேன்ட்டில் தங்கி இளைப்பாறியதையும் நான் எங்கே கண்டேன்? திரைக்குப் பின்னால் போன மேனேஜர் "இடுப்பு கரெக்டா இருக்கு" என்றார். அப்புறம் "ஹா" என்றார். அப்புறம் அவர் திரையையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த வேகத்தை என்னால் இதில் எழுத முடியாது, தங்கள் இதழைப் பெண்களும் படிக்கிறார்கள். அடுத்து மருந்துக்கடைக்காரர் ஒரு பிசுக்கு மருந்து கொடுத்தார். கை மிருதுவானதோ இல்லையோ, கத்தரிக்கோல் பிடியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. இஸ்திரிப் பெட்டியும் வழுக்கியது. அது விழுந்த இடம் என் கால். கை வைத்தியம் பார்க்கப் போய்க் கால் வைத்தியமும் சேர்ந்துகொண்டது.

இந்த நிலைமையில் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற ஒருவன் கிளம்பினான். அவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவனுக்கும் எனக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் தாங்கள் என் பக்கம்தான் பேசுவீர்கள். அவனுக்கு ஆசை ஆசையாக ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்தேன். ஒரு விசேஷ வீட்டில், சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கிற நேரத்தில், "அத்தான், வலது கால் பேன்ட் தரையப் பெருக்குது, எங்க வீட்ல வெளக்கமாறு செலவு மிச்சம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னான். இருபது பேர் சிரித்தார்கள். தையல்காரனை இருபது பேர் முன்னால் சொல்கிற சொல்லா அது? நானும் விடவில்லை. "பேன்ட்ல கோளாறு இல்லடா, உன் கால்லதான் கோளாறு" என்றேன். அதற்கும் இருபது பேர் சிரித்தார்கள், அவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போனவன்தான். அவன் ஆரம்பித்த கிண்டலை நான் முடித்தேன், இதில் அவனுக்கு என்ன ரோஷம் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. கல்யாணத்துக்கும் அவனை அழைப்பதாக இல்லை. என் மனைவி அதைப் பற்றிப் பேசுவதில்லை. அழைப்பிதழ்க் கட்டைத் தினமும் ஒரு முறை எண்ணி எண்ணி வைப்பாள், அவ்வளவுதான்.

பாப்பா மட்டும் மாமா மாமா என்று அவனோடு போனில் பேசுவாள். என் கை விஷயம் அவள் வாய்வழியாக அவன் காதுக்குப் போய், ஒரு வாரத்தில் பார்சல் வந்துவிட்டது. உள்ளே என்ன என்று பாப்பாவே சொல்லிவிட்டாள்: "மாட்டு மடி வெடிச்சா போடற களிம்புப்பா. ரொம்ப நல்லா கேக்குமாம்." எனக்கு உச்சந்தலை கொதித்தது. வெளக்கமாறு என்றவன் இப்போது என்னை மாடு என்கிறான்! பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை. "இத இப்பவே கொண்டுபோய்க் குப்பையில போடு. அவன் அனுப்பினத நான் தொடமாட்டேன், இது சத்தியம்" என்று குதித்தேன். என் மனைவி ஒரு மறுபேச்சும் பேசாமல் இடது கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருஷத்தில் நான் சொல்லி அவள் உடனே கேட்ட காரியம் அது ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட குணவதி.

அந்த வாரம்தான் தங்கள் இதழில் 'கை வெடிப்புக்குக் கைகண்ட பூச்சு' என்று குறிப்பு வந்திருந்தது. ஆனால் அது என் கண்ணில் படுவதற்கு முன்னால் என் கத்தரியில் பட்டுவிட்டது. ஒரு குண்டு மனிதரின் சட்டைக்கு அந்தப் பக்கத்தில் முன்பாகம் வெட்டிச் சுவரில் மாட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சுவரிலிருந்து 'கை வெடிப்பு' என்ற எழுத்து என்னைப் பார்த்தது. தெய்வமே என்று இறக்கினேன். என்ன பிரயோஜனம்? அக்குள் வளைவு பாதிக் குறிப்பைச் சாப்பிட்டிருந்தது. மீதி இருந்தது இவ்வளவுதான்: 'மெழுகு ஒரு பங்கு, மிதமான தீயில் உருக்கி, இளஞ்சூட்டில் இரண்டு கைகளிலும்...' அதற்கப்புறம் குண்டு மனிதரின் அக்குள். வீட்டில் தேடினேன். மெழுகு என்றால் மெழுகுவர்த்தி. எட்டு வர்த்தியையும் வாணலியில் போட்டு உருக்கி, ஆறவைத்து, இளஞ்சூட்டில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கி எடுத்தேன். சுகமாகத்தான் இருந்தது. ரெண்டு நிமிஷத்தில் இறுகியது பாருங்கள் ஐயா! துணிக்கடை பொம்மை மாதிரி பத்து விரலும் விரிந்தபடி நின்றுவிட்டன. மடக்க முடியவில்லை, கதவுத் தாழைத் தொட முடியவில்லை, மூக்கில் அரிப்பு வேறு. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. "மெழுகுவர்த்தி எங்கங்க வெச்சீங்க?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். பத்து விரலையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் பாப்பா போன் பண்ணினாள். மனைவி போனை என் காதில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா எல்லாம் சொன்னாங்க. நீங்க கஷ்டப்படாதீங்க. எதிர்க்கடையில குடுத்துடலாம். இல்லன்னா ரெடிமேடா எடுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லப்பா" என்றாள். அவளுக்கு வருத்தம் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பள்ளிக்கூடத்து முதல் நாள் சட்டையிலிருந்து வேலைக்குப் போன முதல் நாள் சட்டை வரை இந்த மெஷினில்தான் தைத்தேன். கடைசிச் சட்டையை எதிர்க்கடைக்காரன் தைப்பதா? அழுதேன் ஐயா. ஆம்பளை அழலாமா என்று கேட்காதீர்கள், அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை, கை இரண்டும் மெழுகு. அந்த ஆத்திரத்தில் மெழுகு உரிந்ததும் தங்களுக்கு எழுதியதுதான் அந்தக் கார்டு.

வேறு யாராவது இருந்தால் அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். தாங்கள் பெரிய மனிதர். அடுத்த வாரமே அந்தப் பக்கத்தை முழுசாக உறையில் வைத்து அனுப்பி, ஓரத்தில் சிவப்பு மையில் 'தேன்மெழுகு, மெழுகுவர்த்தி அல்ல. தயவுசெய்து படித்த பின் வெட்டவும்' என்று தங்கள் கையாலேயே எழுதியிருந்தீர்கள். முகம் தெரியாத ஒரு தையல்காரனுக்காக இந்தக் காலத்தில் யார் ஐயா உறையில் ஸ்டாம்பு ஒட்டுகிறார்கள்? அந்த உறையைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு, கிளிசரின் சில சொட்டு என்று எல்லாம் வாங்கி வந்தேன். என் மனைவிக்குக் கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "நீங்க அடுப்புப் பக்கமே வரக் கூடாது. வாணலிய நாலு நாள் சுரண்டினது போதும். நானே கிண்டறேன்" என்று என்னை வெளியே தள்ளிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் ஒரு பாட்டிலில் மஞ்சள் நிறத்தில் கெட்டியாக ஒரு களிம்பைக் கொண்டுவந்து வைத்தாள். பூசிக்கொண்டு தூங்க உறை வேண்டும் என்று குறிப்பில் இருந்ததால் நானே லைனிங் துணியில் கையுறை தைத்தேன். முப்பத்தைந்து வருஷ அனுபவம் பாருங்கள், இரண்டும் இடது கைக்கே அமைந்துவிட்டன. வலது கையில் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரலை நுழைத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன்.

என்ன சொல்வேன் ஐயா, மூன்றாம் நாளே எரிச்சல் நின்றது. ஒரு வாரத்தில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் நாள் செல்போன் என்னை அடையாளம் கண்டுகொண்டது! லேசாக ஒரு ஆஸ்பத்திரி வாசனை வந்தது. "தேன்மெழுகுன்னா அப்படித்தான்" என்று மனைவி சொன்னாள். தங்கள் குறிப்பின் புகழ் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒரு நாள் காலையில் பால்காரர் பால் ஊற்றும்போது என் கையை மோந்து பார்த்துவிட்டு, "சார், நல்ல மருந்து சார். எங்க வீட்டுலயும் வருஷம் பூரா இதேதான்" என்று சொல்லிவிட்டு ஏனோ விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டிலும் தங்கள் இதழ் வாங்குகிறார்கள் போலிருக்கிறது. சந்தாதாரர் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளவும்.

அப்புறம் சாட்டினைக் கையில் எடுத்தேன். இழை மாட்டவில்லை. தண்ணீரில் கை வைத்த மாதிரி வழிந்து போனது. இருபது நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. மடிப்பு நூற்றுப் பன்னிரண்டு, அத்தனையும் விரலால் நீவிப் போட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அப்பா, கை எவ்ளோ மெத்துனு இருக்கு!" என்றாள். அந்த நிமிஷம் நான் நினைத்தது தங்களைத்தான். பெற்றவன் கையை மகள் கன்னத்துக்குத் திருப்பிக் கொடுத்த புண்ணியம் தங்களைச் சேரும்.

ஆகவே இந்தக் கடிதத்தைத் தாங்கள் அவசியம் பிரசுரிக்க வேண்டும், கொட்டை எழுத்தில் பிரசுரிக்க வேண்டும். மாட்டு ஆஸ்பத்திரிக்கும் தங்கள் இதழ் போகிறது என்று கேள்வி. ஒரு மனிதனின் கையை மனிதர்களின் மருந்தே குணப்படுத்தும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

தாங்கள் எழுதும் பேனா வற்றாமல், அச்சு மெஷின் நிற்காமல், தங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் யாராக இருந்தாலும் அவர் கை வெடிக்காமல், எல்லோரும் பல்லாண்டு வாழ மனதார வாழ்த்துகிறேன். குறிப்பு எழுதிய அம்மையாருக்கு என் மனைவியின் சார்பிலும் வணக்கம். தங்களுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்ப ஆசை. கழுத்து, தோள், கை அளவுகளை ஒரு கார்டில் எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத வாசகன்,
தையல்காரன்

பின்குறிப்பு:

ஐயா, மேலே எழுதியதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம்.

எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள். எறும்பு வரும் இடத்தில் சிரித்தாள், மெழுகுவர்த்தி வரும் இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பால்காரர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மூடியில் ஒரு பசு மாட்டுப் படம். உள்ளே முக்கால்வாசி காலி.

"பத்திரிகைல போட்டத நான் கிண்டத்தான் கிண்டினேன். கையில வலு இல்ல, பாதியில அடிப்பிடிச்சுப் போச்சு. நீங்க வெளிய காத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. என்ன பண்ணுவேன்? தம்பி அனுப்பினத எடுத்துப் பாட்டில்ல அடைச்சுக் குடுத்தேன்."

"குப்பையில போடச் சொன்னேனே?"

"நீங்க சொன்னது எத்தனையோ. எல்லாத்தையுமா கேக்கறேன்?"

அந்த டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. அவன் எழுத்து. 'அக்கா, அத்தான்கிட்ட நான் குடுத்தேன்னு சொல்லாத, போட்டுக்கமாட்டார். வேற எதாவது பேர் சொல்லிப் போட்டு விடு. பாப்பாவுக்கு அவர் கையாலதான் தைக்கணும்.' இவ்வளவுதான் ஐயா. கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்பிடுவார்களா என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் எழுந்து போய் நாலு வருஷத்துக்கு முந்தைய அளவு நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். அவன் பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது: இடது கால் நாற்பது, வலது கால் முப்பத்தொன்பதரை. அளவெடுத்தபோது ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறேன். வெட்டும்போது, எந்த மனுஷனுக்கு ஒரு கால் குட்டையாக இருக்கும், எழுதியதில்தான் தப்பு என்று நானே முடிவு செய்து இரண்டையும் நாற்பதாக வெட்டியிருக்கிறேன். அவன் காலை ஒரு மாடு உதைத்து ஒடித்ததையும், அதற்குப் பிறகு அவன் லேசாகச் சாய்ந்து நடப்பதையும் என் மனைவி இப்போதுதான் எனக்கு ஞாபகப்படுத்தினாள். அந்தக் காலைத்தான் இருபது பேர் முன்னால் கோளாறு என்று சொன்னேன்.

ஆகவே ஐயா, தங்களுக்குச் சொன்ன நன்றியில் பாதியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். தாங்கள் பக்கத்தை அனுப்பியிருக்காவிட்டால் என் மனைவிக்கு ஒரு பாட்டிலும் ஒரு பொய்யும் கிடைத்திருக்காது. மீதிப் பாதியை நானே நேரில் கொண்டுபோகிறேன். பேன்ட் துணி எடுத்து வெட்டியாகிவிட்டது. நோட்டில் இருக்கிற அளவுப்படி வெட்டியிருக்கிறேன், இடது நாற்பது, வலது முப்பத்தொன்பதரை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் அழைப்பிதழோடு கிளம்புகிறோம். கல்யாணத்தன்று அந்த இருபது பேரும் வருவார்கள். அவர்கள் பார்க்க அவன் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, பேன்ட் தரையைத் தொடாமல் நிற்கிறதா என்று என் கையால் தொட்டுப் பார்க்கப் போகிறேன்.

சட்டைக்கு அளவு அனுப்ப மறக்க வேண்டாம், எப்படி எழுதி வருகிறதோ அப்படியே வெட்டுவேன். கை சரியாகிவிட்டது. வெடுக்கென்று பேசுகிற வாய்க்கும் ஏதாவது மருந்து உண்டா என்று குறிப்பு எழுதும் அம்மையாரிடம் கேட்டு வெளியிடவும். அந்தப் பக்கத்தை மட்டும் நான் வெட்டவே மாட்டேன்.